அம்மா சொன்ன வியாதி

என் அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இப்போதைக்கு இல்லை. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கல்லாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அந்தப் பித்துப் பிடித்த மனம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது. அதற்கு யாரிடமும் பழமொழி இல்லை.

எனக்கு முதல் பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு பெரம்பலூரில் என் கணவர் வீட்டிலிருந்து தா.பழூர் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு அம்மா அழைத்து வந்துவிட்டாள். அப்பா இறந்த பிறகு அவள் தனியாக எடுத்துச் செய்த காரியங்களில் இது பெரியது. என் கல்யாணத்தில் ஏதோ குறை வைத்துவிட்டதாக என் மாமியார் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பிரசவத்தில் அந்தப் பேச்சை அடைத்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு வெறி. பெண்ணை ஒல்லியாக, நிறமாக, கையில் குழந்தையோடு மூன்றாம் மாதம் கொண்டுபோய் விட வேண்டும். ஊர் பார்க்க வேண்டும்.

குழந்தையை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் இருந்தவரை நர்ஸ்கள் எழுந்து நடக்கச் சொன்னார்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அம்மா அவர்கள் எதிரில் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சட்டம் மாறிவிட்டது.

பின்கட்டு அறையின் ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்தாள். என் காதில் பஞ்சு. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றில் இறுக்கிக் கட்டினாள். காலையில் மஞ்சள் அரைத்துக் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி வெந்நீர் ஊற்றுவாள், உடனே படுக்கையில் போட்டுவிடுவாள். எழுந்தால் தையல் பிரிந்துவிடும், உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தண்ணீர் கிடையாது.

"பச்ச ஒடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு வெச்சிடும்டி. தையல்ல சீழ் புடிக்கும். புள்ளைக்குச் சளி கட்டும். நாலு நாளு பொறுத்துக்க."

அவள் சொன்ன நாலு நாளுக்கு முடிவே இல்லை. பூண்டுக் குழம்பு, கருவாடு, லேகியம் என்று உள்ளே போவதெல்லாம் தாகம் எடுக்க வைக்கிற சாமான். குடிக்க மட்டும் வாயை நனைக்கிற அளவுக்கு வெந்நீர். சித்திரை மாதம். குழந்தை பால் குடிக்கக் குடிக்க என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் பூசிக் குளிக்கும்போது வாய்க்குள் வழிகிற தண்ணீரை அம்மாவுக்குத் தெரியாமல் விழுங்கினேன். அவள் கண்டுபிடித்து, அடுத்த நாளிலிருந்து என் வாயைப் பொத்திக்கொண்டு தலைக்கு ஊற்றினாள். 

இடது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. முதலில் சதை சுருண்டு குறக்களி பிடித்த மாதிரி. பிறகு காலைத் தரையில் வைத்தாலே உயிர் போயிற்று. அம்மாவிடம் சொன்னேன்.

"படுத்தே கெடந்தா நரம்பு இழுத்துக்கும்தான்" என்றாள். படுக்க வைத்தவளே அவள். நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஒத்தடம் கொடுத்தாள். அடங்கவில்லை என்றதும் சாயங்காலம் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை, பலம் கொண்ட மட்டும் மேல் நோக்கி உருவி விட்டாள். நாற்று நட்டு, களை பறித்துக் காய்த்த கை. நான் கத்தினேன். "வலிச்சாத்தான் வெலகும்" என்றாள். உண்மையிலேயே அன்று இரவு வலி கொஞ்சம் குறைந்தது. அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு எழுந்தபோது மூச்சு வரவில்லை. இழுக்கிறேன், காற்று உள்ளே போகிறது, ஆனால் போய்ச் சேரவில்லை. நெஞ்சின் ஓரத்தில் குத்தியது. இதயம் நெல் அரைக்கிற மிஷின் மாதிரி அடித்தது. என் தங்கைதான் பயந்துபோய் ஆட்டோ பிடித்து வந்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனோம்.

அங்கே உட்கார்ந்திருந்தவர் வயசான டாக்டர், அம்மாவைப் பல வருஷமாகத் தெரிந்தவர். அவர் என்னைப் பார்த்து "என்னம்மா?" என்றார். அம்மா பதில் சொன்னாள். பச்சை உடம்பு, முதல் பிரசவம், பயந்த சுபாவம், நேற்று மொச்சைக்கொட்டை சாப்பிட்டாள், வாயு பிடித்துக்கொண்டது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். இ.சி.ஜி. எடுத்தார், படபடப்பு இருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார். ஒரு ஊசி போட்டு, "மனசைத் தைரியமா வெச்சுக்க" என்று என் தலையில் தட்டி அனுப்பினார். வாயு என்று பேர் வைத்ததில் எனக்கு ஒரே லாபம், வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு டம்ளர் ஓமத்தண்ணீர் கொடுத்தாள். பிரசவத்துக்குப் பிறகு நான் முழுசாகக் குடித்த முதல் டம்ளர் அது.

மத்தியானம் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது பக்கத்து வீட்டுக்காரரின் காரில் தங்கையின் மடியில் தலை வைத்துக் கிடக்கிறேன். போனில் என் கணவர் அம்மாவிடம், "அத்தை, நேரா பெரம்பலூர் கூட்டிட்டு வந்துடுங்க, இங்க எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு, நான் வாசல்லயே நிக்கிறேன்" என்கிறார். மாப்பிள்ளை சொல்லுக்கு மறுசொல் உண்டா? ஜெயங்கொண்டத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. அரியலூரில் எத்தனையோ இருந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிப் பலகையையும் தாண்டி, மூச்சுக்கு வாயைப் பிளந்துகொண்டு நான் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அரியலூரில் நிறுத்து என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

அவசரப் பிரிவில் விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் நர்ஸ், கிளிப்பைக் கழற்றித் துடைத்து வேறு விரலில் மாட்டினார். அதே எண். உடனே முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை வைத்து அழுத்தினார். பணியிலிருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். தூக்கமில்லாத கண்.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று என்னைக் கேட்டார்.

"பச்ச ஒடம்புங்க டாக்டரம்மா" என்று அம்மா தொடங்கினாள். "காலையில வாயு புடிச்சிக்கிச்சு. டாக்டர்ட்ட காட்டி ஊசி போட்டாச்சு. ஜன்னி கண்டிருக்குமோன்னு பயமா இருக்கு."

"அவங்களைச் சொல்ல விடுங்கம்மா. காய்ச்சல் இருந்துச்சா உங்களுக்கு?"

"இல்லீங்க, காச்சலெல்லாம் இல்ல."

"இருமல்? சளில ரத்தம் வந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"வேற எங்கயாவது வலி?"

"எங்கயும் இல்லீங்க. நல்லாத்தான் இருந்தா."

தாயறியாத சூல் உண்டா என்பார்கள். என் உடம்பைப் பற்றிய கேள்விக்கெல்லாம் என் தாய் பட்டுப்பட்டென்று விடை சொல்கிறாள், நான் முகமூடிக்குள் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறேன். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது. நான் அந்த மூச்சைச் சேர்ப்பதற்குள் அவள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள்.

கால் வலியை ஏன் அவள் சொல்லவில்லை என்று பிற்பாடு பலநாள் யோசித்திருக்கிறேன். மறைக்கவில்லை. அவள் கணக்கில் கால் வலி முடிந்துபோன விஷயம். அதை அவளே கையால் உருவிச் சரி பண்ணிவிட்டாள். சரியாகிப்போன வியாதியை எந்தத் தாயாவது டாக்டரிடம் சொல்வாளா? எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் சொல்வது, வீட்டு வைத்தியத்துக்கு மசியாததை மட்டும்தான்.

டாக்டர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் நிதானமாகக் கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு நர்ஸிடம், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "நெஞ்சு சுத்தமா இருக்கு. ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் ஏன் ஆக்சிஜன் ஏற மாட்டேங்குது?" என்றார். அம்மா அதற்கும் பதில் வைத்திருந்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க வெளில போய் இருங்கம்மா."

"நான் பெத்தவங்க. அவளுக்குப் பேச முடியல..."

"அதனாலதான் சொல்றேன். போங்க."

அம்மா போனாள். திரை விழுந்தது. டாக்டர் என் முகத்துக்கு அருகில் குனிந்தார். "அவசரமே இல்ல. ஒரு ஒரு வார்த்தையா சொல்லுங்க. எங்க வலிக்குது?"

"கால்" என்றேன்.

அவர் அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை. போர்வையைத் தள்ளிப் புடவையை முழங்காலுக்குமேல் ஏற்றினார். இரண்டு காலும் மஞ்சளில் மின்னின. நிறம் ஒன்றும் தெரியவில்லை. பஞ்சில் ஸ்பிரிட்டைக் கொட்டி இடது கெண்டைக்காலைத் தேய்த்தார். மஞ்சள் கரைந்து வழிய வழிய அடியிலிருந்து கருஞ்சிவப்பாக, தோல் இறுகிப் பளபளவென்று வேறொரு கால் வெளியே வந்தது. டேப்பை எடுத்து இரண்டு காலையும் சுற்றி அளந்தார். அளவைச் சொல்லவே தேவையில்லை, இடது கால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"இதை யாராவது தேச்சாங்களா?"

"அம்மா."

டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் அவரிடம் ஒரு வேகம் வந்தது. இ.சி.ஜி.யைத் திரும்ப எடுக்கச் சொன்னார். ஒரு சின்ன ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து நெஞ்சில் வைத்துப் பார்த்தார். "இதயத்தோட வலது பக்கம் வீங்கியிருக்கு, தெரியுதா" என்று நர்ஸுக்குக் காட்டினார். சி.டி. எடுக்கும்வரை காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லி, பெரிய டாக்டரைப் போனில் கூப்பிட்டுப் பேசி, ரத்தத்தை இளக்குகிற ஊசியை அப்போதே போடச் செய்தார்.

"கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாயிருக்கும்மா. அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போய் அடைச்சிருக்குன்னு நெனைக்கிறேன். ஸ்கேன்ல தெரிஞ்சிடும். தண்ணி ஒழுங்கா குடிச்சீங்களா?"

நான் சிரித்தேன். சிரிப்புக்கு மூச்சு இல்லாமல் இருமலாக வந்தது. அப்புறம் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாக, ஒன்றையும் விடாமல். வாயைப் பொத்தியதைக்கூட.

அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். என் கணவரும் வந்தார். அந்தச் சின்னப் பெண் டாக்டர் என் அம்மாவைப் பார்த்துக் கேட்ட கேள்வி அவசரப் பிரிவு முழுக்கக் கேட்டது. "வேற வலி இருக்கான்னு உங்ககிட்ட கேட்டேனா இல்லையா?"

"அது வெறும் நரம்பு இழுப்புங்க. அதான் நானே..."

"நீங்கதான் அதை நெஞ்சுக்கு ஏத்தி அனுப்பியிருக்கீங்க. இன்னொரு கட்டி மேல வந்துச்சுன்னா உங்க பொண்ணு இல்ல. புரியுதா? பச்சப்புள்ளக்காரியைத் தண்ணியில்லாமக் காயப் போட்டிருக்கீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், என் கணவர். அம்மாவின் முகம் சுருங்கிச் சாம்பல் பூத்தது. அன்று நான் செத்துவிடலாம் என்பது எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. ஆனாலும் முகமூடிக்கு அடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷம் குழந்தை பிறந்தபோதுகூட இல்லை.

சி.டி. அறையில் கையில் மருந்தை ஏற்றியதும் உடம்பெல்லாம் சூடு பரவியது. வெளியே கொண்டுவந்தபோது டாக்டரே எதிரில் வந்தார். இரண்டு நுரையீரலிலும் அடைப்பு. அவர் நினைத்ததுதான். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். வெளியே என் தங்கை புட்டிப்பாலை வைத்துக்கொண்டு குழந்தையோடு போராடினாள். ஊசியும் ஆக்சிஜனுமாக நாட்கள் போயின. தலைமாட்டில் ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் இருந்தது. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவை ஒரு நாள் உள்ளே விட்டார்கள். நான் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். "தப்பு பண்ணிட்டேண்டி." இவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் அன்றே அழுது தீர்த்திருப்பேன். அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "யாரு கண்ணு பட்டுச்சோ பாப்பா" என்றாள்.

சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று அம்மா அதே பக்கத்து வீட்டுக் காரோடு வந்திருந்தாள். பின் இருக்கையில் மெத்தை விரித்திருந்தாள். வீட்டில் தூளி கட்டியாகிவிட்டது, ஜன்னல் சாக்கை எடுத்தாகிவிட்டது என்றாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டு நேராக நடந்து என் கணவரின் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். "பெரம்பலூர் வூட்டுக்குப் போங்க" என்றேன். மூன்றாம் மாதம் ஊரைக் கூட்டி, சீர் வரிசையோடு கொண்டு விட வேண்டிய பெண் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தானாகவே புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் ஊர் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அம்மா ஜன்னல் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பவில்லை. என் மாமியார் ஒன்றும் புண்ணியவதி இல்லை, அவர் கையில் மாட்டியிருந்தாலும் இதே பத்தியம்தான். ஆனால் டாக்டர் பேசிய பேச்சு அவர் காதுவரை போயிருந்ததால் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குடத்தையே வைத்துவிட்டார்.

ஊர் கேட்டது. கடைத்தெருவில், கோயிலில், பஸ்ஸில், "பொண்ணு ஏன் வரல?" என்று அம்மாவை வருஷக்கணக்கில் கேட்டது. தங்கை போனில் சொல்லச் சொல்ல நான் இன்னொரு தடவை சொல் என்று கேட்டுக்கொண்டேன்.

கிளினிக் டாக்டரையும் விடவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு போய், டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் அறைக் கதவைச் சாத்தாமல் படத்தை நீட்டினேன். "சார், இது வாயுங்களா?" வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பிடித்திருந்தார். "உங்கம்மா காலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார். "நீங்க என்னைக் கேக்கவே இல்லீங்களே சார்" என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் வந்த பிறகுதான் புத்தியே வந்தது.

போன வருஷம் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அவளுக்கும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அவளும் அதே வீட்டுக்கு, அதே பின்கட்டு அறைக்கு வந்தாள்.  அம்மா மறுபடியும் ஆரம்பித்திருந்தால் அங்கேயே ஊரைக் கூட்டிவிடுவது என்ற முடிவோடுதான் பெயர் வைக்கிற நாளுக்குப் போனேன். பேச வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே அரிவாள் மாதிரித் தீட்டி வைத்திருந்தேன்.

அறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. தங்கை கூடத்துக்கும் பின்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அம்மா பின்னாலேயே சொம்பும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தாள். "அக்கா, தொல்லை தாங்கலக்கா" என்றாள் தங்கை. "படுக்க வுடமாட்டேங்குது. காலையும் சாயங்காலமும் ரெண்டு காலையும் தொட்டுத் தொட்டுப் பாக்குது, எது சுடுது, எது வீங்கியிருக்குன்னு. தேய்க்கவும் மாட்டேங்குது." வந்திருந்த ஒரு அத்தை, பச்சை உடம்புக்காரிக்கு இவ்வளவு தண்ணீரா என்று வாயைத் திறந்தாள். அம்மா அவள்மேல் பாய்ந்தாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு. கால்ல கட்டுற ரத்தம் நெஞ்சுக்கு வந்துடும். ஆளையே தூக்கிடும்." அந்த டாக்டரின் அதே குரல்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் தங்கை பிழைத்தாள். ஆனால் எனக்கு வந்தது, இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் வராத கோபம். தீட்டிக்கொண்டு வந்த எதையும் வீச இடமில்லை. என்னைப் போட்டு அடித்துக் கற்றுக்கொண்ட பாடத்தை அவளுக்குத் தடவிக் கொடுக்கிறாள்.

அம்மா கொல்லையில் குழந்தைக்கு வெந்நீர் போடக் குனிந்தபோது பின்னாலேயே போனேன்.

"எனக்கு மட்டும் ஏம்மா அப்புடிப் பண்ண?"

அவள் விறகைத் தள்ளிக்கொண்டே, திரும்பாமல், "அதான் பொழச்சிக்கிட்டியேடி" என்றாள்.

"நீயா பொழைக்க வெச்ச?"

"இல்ல" என்றாள். குனிந்து அடுப்பை ஊதிவிட்டு, "நான் கொல்லத்தான் பாத்தேன். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

புகை எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. இத்தனை வருஷம் நான் காத்திருந்த வார்த்தை அதுதான். அதைவிடப் பெரிதாகவே சொல்லிவிட்டாள். எனக்கு அது போதவில்லை. நான் உள்ளே வந்து, பெயர் வைப்பதற்குக்கூட நிற்காமல், அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.